என்ன ஏற்பாடு என்று கேட்கவில்லை

மே 2, வெள்ளி

இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே மின்னஞ்சலில் வந்தன. முதல் பத்தியில் மகிழ்கிறார்கள், மூன்றாவது பத்தியில் வருந்துகிறார்கள். நடுப் பத்தியில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று எழுதியிருக்கிறார்கள்.

நீரியல் முதுகலை, ஸ்காட்லாந்து, ஒரு வருடப் படிப்பு. சொந்தச் செலவில் வருவதாக இருந்தால் மே 29ஆம் தேதி, அவர்கள் ஊர் பகல் பன்னிரண்டு மணிக்குள் முன்பணம் கட்டி ஒப்புதல் தர வேண்டும். நமக்கு மாலை நாலரை. மொத்தச் செலவு முப்பது லட்சத்தைத் தொடும். ஆழ்துளைக் கிணறு போடும் கம்பெனியில் எனக்குச் சம்பளம் பதினாலாயிரம். முதலாளி உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர். நிலவியல் படித்த நான் அவருக்குப் பில் போடுகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "இடம் குடுத்தவன் துட்டு குடுக்க மாட்டானாமா? கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு சாப்பாடு இல்லங்கான். சவத்த விடுட்டி" என்றாள்.

அப்பா மின்னஞ்சலைத் தமிழில் வாசிக்கச் சொன்னார். கெட்டிக்காரி பத்தியை மட்டும் மறுபடி கேட்டார்.

மே 5

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. தம்பி மகராஜன் செல்போன் கடையிலிருந்து நின்றுவிட்டான். டிப்ளமோ முடித்து இரண்டு வருடத்தில் இது மூன்றாவது கடை. முதலாளி ஏசினானாம். இவனை ஏசாத முதலாளி எங்கே இருக்கிறானோ.

வேண்டாம் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு பதில் எழுதி வைத்தேன். அனுப்பவில்லை. இன்னும் நாள் இருக்கிறதே என்றுதான்.

மே 7, புதன்

அப்பா அரை நாள் விடுப்புப் போட்டு என்னை வங்கிக்குக் கூட்டிப்போனார். நான் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. சட்டையை இஸ்திரி போட்டு, பையில் மின்வாரிய அடையாள அட்டை வெளியே தெரியும்படி உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் நல்ல மனிதர்தான். கடிதத்தைப் பார்த்துக் கை கொடுத்தார். பிறகு அப்பாவிடம் பிறந்த தேதி கேட்டார். இந்த மாதம் முப்பத்தொன்றோடு அப்பா ஓய்வு பெறுகிறார். அவர் கையெழுத்துக்கு இவ்வளவு பெரிய கடன் தர முடியாதாம். வீடு ஏற்கனவே அடமானத்தில் இருக்கிறது. ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி அந்தக் கடனுக்கும் சொசைட்டிக் கடனுக்கும் போய்விடும்.

"வீட்டுல வேற யாராவது கவர்மென்ட் சம்பளத்துல இருக்காங்களா சார்? பையன்?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் அப்பா. "இன்னும் இல்ல."

பேருந்திலிருந்து இறங்கும்போது, "அந்தப் படிப்பு முடிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று கேட்டார். பூமிக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று கணக்கிடும் வேலை என்றேன். "நல்ல வேலதான்" என்றார்.

மே 10, சனி

அடுக்களை பல்பு மாட்டும் இடம் தளர்ந்துவிட்டது. மகராஜன் நாற்காலியில் ஏறினான். வாசலில் இருந்தே அப்பா கத்தினார், "ஏலே, எல்.சி. வாங்கினியா?"

எங்கள் வீட்டில் இது பழைய கேலி. லைனில் வேலை செய்யப் போகிறவர் துணை மின்நிலையத்துக்குப் போன் போட்டு மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதுதான் எல்.சி. வாங்குவது. வேலை முடிந்து எல்லோரும் கம்பத்தைவிட்டு இறங்கியபின் வாங்கிய அதே ஆள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை ஊரே கூடி வைதாலும் சுவிட்சைப் போட மாட்டார்கள். முப்பத்து நாலு வருடத்தில் அப்பா ஒருநாளும் இதில் தவறியதில்லை. போர்மேன் ஆனபிறகு ஆறு வருடமாக அவர் கம்பத்தில் ஏறுவதும் இல்லை. கீழே நின்று அடுத்தவரை ஏற்றி இறக்குவார்.

மகராஜன் இறங்கி மெயினை அணைத்துவிட்டு ஏறினான். அப்பா சிரிக்கவில்லை. "டிப்ளமோ சர்ட்டிபிகேட்ட எல்லாம் எங்கல வச்சிருக்க?" என்று கேட்டார்.

மே 12

சான்றிதழ்களை எல்லாம் அப்பா ஒரே பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கிவைத்தார். மகராஜனுடையது மேலே இருக்கிறது, என்னுடையது கீழே. பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனார். பென்ஷன் தாள்களுக்குக் கணவன் மனைவி சேர்ந்த படம் வேண்டும். அம்மா கல்யாணப் பட்டு கட்டிக்கொண்டாள். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்குப் பட்டு எதற்கு என்று கேட்டதற்கு என்னை முறைத்தாள்.

மே 13

வாரிசுதாரர் பெயர் எல்லாத் தாளிலும் சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். அம்மா பெயர் ஒன்றில் சண்முகத்தாய், மற்றொன்றில் சண்முகதாய். திருத்த நாளைக்குக் கோட்ட அலுவலகம் போகிறார்.

ஓய்வு பெறுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது.

மே 15, வியாழன்

சாப்பிடும்போது அப்பா ஒரு கதை சொன்னார். அவரோடு வேலை பார்த்த வன்னியராஜ் பத்து வருடத்துக்கு முன் லைனில் அடிபட்டுச் செத்தவர். இது எங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாதது, அப்போது அவருக்கு எட்டு மாதம்தான் வேலை பாக்கி இருந்தது என்பது.

"ஆறே மாசத்துல மூத்தவனுக்கு வாரியத்துல வேலைக்கு ஆர்டர் வந்துட்டு. இன்னைக்கு அவன் வீடு கட்டிட்டான். தங்கச்சிய டாக்டருக்குப் படிக்க வச்சான்."

"சோத்துல கைய வச்சிக்கிட்டு என்ன பேச்சுங்கேன்" என்றாள் அம்மா.

"நடந்தத சொல்லுதேன் தாயி."

மகராஜன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ரசம் கேட்டேன். ரசத்தில் உப்பு இல்லை.

மே 16

கம்பெனியில் வேலை குறைவு. போனில் வேறு எதையோ தேடும்போது பணியில் இறந்தவர் பிள்ளைக்குத் தரும் வாரிசு வேலை பற்றிய ஓர் ஆணை கண்ணில் பட்டது. நாலு பக்கம். இரண்டு தடவை படித்தேன். தேடியதையெல்லாம் அழித்துவிட்டேன். மகராஜன் அடிக்கடி என் போனை எடுப்பான், அதனால்தான்.

மே 18, ஞாயிறு

அப்பா மொட்டைமாடிக்கு என்னைக் கூப்பிட்டார். வடகத்துக்கு அம்மா விரித்த வேட்டியில் காக்கா வராமல் காவலுக்கு உட்கார்ந்திருந்தோம்.

"சரின்னு எழுதிப் போட்டுரு" என்றார்.

"எதுக்குப்பா வம்பு? முன்பணம் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல. அதுக்கப்பறம்?"

"அம்மா செயின வச்சி முன்பணத்தக் கட்டுவோம். மத்ததுக்கு ஏற்பாடு ஆவும்."

"பேங்க்காரன்தான் முடியாதுன்னுட்டானே."

"இந்த மாசம் முடியட்டும். எல்லாம் ஆவும். நீ போவணும். தேங்கா உருட்டுதவனுக்குப் பில்லு போடவா உன்னப் படிக்க வச்சேன்?"

எனக்கு அழுகை வந்தது. யாராவது ஒருவர் போ என்று சொல்ல வேண்டும் என்று பதினாறு நாளாகக் காத்திருந்திருக்கிறேன். சரி என்றேன்.

என்ன ஏற்பாடு என்று கேட்கவில்லை.

மே 19

குளிர் ஆடைகளின் விலை பார்த்தேன். எழுதி வைத்திருந்த மறுப்புக் கடிதத்தை அழித்தேன். சந்தோஷமாக இருக்கிறது. அப்படி எழுதுவதில் என்ன தப்பு?

மே 21

அம்மா செயினைக் கழற்றிக் கொடுத்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கிறது. "ரெண்டு நாள் வெறுங்கழுத்து மாதிரி இருக்கும், அப்பறம் பழகிரும்" என்றாள். அம்மாவுக்கு எல்லாமே இரண்டு நாளில் பழகிவிடும்.

மே 23, வெள்ளி

அப்பாவின் உதவியாள் மாடசாமி அண்ணன் வந்திருந்தார். ஐம்பது வயது, வாயில் எப்போதும் வெற்றிலை. அப்பா இல்லாத நேரம் பார்த்து வந்தாற்போல இருந்தது.

"உங்கப்பா இந்த வாரம் ரெண்டு நாளு அவரே கம்பத்துல ஏறிட்டாரும்மா. நான் ஏறுதேன்னா கேக்க மாட்டக்காரு. கடேசி மாசம், ஆசைக்கு ஏறுதேங்காரு. கையுறையக்கூட போடல. நீ செத்த சொல்லி வையி."

சொல்கிறேன் என்றேன். மோர் கொடுத்தேன்.

அப்பா வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். வரும்போதே அலுப்பாக இருந்தார். நாளை சொல்லலாம்.

மே 24

இன்றைக்கு மறந்துவிட்டேன்.

மே 26

தொட்டி கழுவினேன். பாதி நாள் அதிலேயே போயிற்று.

அப்பா என்னிடம், "முப்பத்தொண்ணு சாயங்காலம் வரைக்கும் நான் சர்வீஸ்தான, இல்லையா?" என்று கேட்டார். முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவருக்கு இது தெரியாதா? ஆமாம் என்றேன். அவர் தலையாட்டினார். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மாடசாமி அண்ணன் சொன்னதை இன்னும் சொல்லவில்லை.

மே 28, புதன்

நாளை கடைசி நாள். பணம் என் கணக்கில் வந்துவிட்டது. நாளைக்கு விடுப்பு. காலையிலேயே கட்டிவிடலாம்.

மே 29, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கட்டவில்லை. துணி துவைத்தேன், அம்மாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன், வரிசையில் உட்கார்ந்தேன். நேரம் இருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போனேன். மூன்று மணிக்குத்தான் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. பேட்டரி செத்து மூன்று வருடம் ஆகிறது, பிளக்கில் செருகினால்தான் ஓடும். விவரங்களை எல்லாம் நிரப்பி முடிக்கும்போது மூன்றேகால். கரண்ட் போயிற்று.

பத்து நிமிடம் பார்த்தேன். போனில் முயன்றேன். வங்கிப் பக்கம் வந்ததும் சுற்றிக்கொண்டே நின்றது. மறுபடியும் அதே. மூன்று ஐம்பதுக்கு, வாய்க்கு வந்தபடி மின்வாரியத்தை வைதுகொண்டே, துணை மின்நிலையத்துக்குப் போன் போட்டேன். அங்கே ஆபரேட்டர் செல்லையா மாமா. அப்பாவோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்.

"மாமா, இசக்கி பேசுதேன். கரண்ட் எப்ப வரும்? நாலரைக்குள்ள எனக்கு ஒரு பணம் கட்டணும்."

"உங்கப்பன்தாம்ட்டி எல்.சி. வாங்கியிருக்கான். உங்க தெருவுக்கு வார லைன்லதான் வேல. இப்பத்தான் திருப்பிக் குடுத்தான். முடிஞ்சிட்டு, எல்லாரும் இறங்கியாச்சு, போட்டுருன்னான்."

"அப்பம் போட வேண்டியதுதான?"

"மாடசாமி குரல் கேக்கல. நான் கூட நிக்கவன் குரலையும் கேட்டுட்டுத்தான் போடுவேன். கேட்டா, அவன டீ வாங்க அனுப்பிட்டேங்கான். போன்ல காத்து வேற இரைஞ்சிச்சி, கீழ நின்னா அப்படி இரையாது. திரும்பக் கூப்பிட்டா எடுக்க மாட்டக்கான். ஒருவேள வண்டிய எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டானா? வந்துட்டான்னா சொல்லு, இந்தா போட்டுருதேன்."

வாசலில் அப்பாவின் வண்டி இல்லை.

"வரல மாமா. போடாதீங்க" என்றேன். "எப்பா கம்பத்துலதான் இருப்பாவ. போட்டுராதீங்க. ஆள அனுப்புங்க."

நாலு மணி பத்துக்கு மாமா கூப்பிட்டார். இறக்கிவிட்டார்களாம். கம்பத்தின் உச்சியில், இடுப்புப் பட்டை கட்டாமல், கம்பிக்கு ஒரு கை தூரத்தில் அப்பா நின்றிருக்கிறார். மாடசாமி அண்ணன் டீயைக் கீழே போட்டுவிட்டுத் தானே மேலே ஏறி, அவர் சட்டையைப் பிடித்து, பேசிப் பேசி இறக்கியிருக்கிறார். "மறந்து குடுத்துட்டான்னு எழுதி வச்சிட்டேன். நீயும் அப்படியே வச்சிக்க. அம்மைக்குத் தெரியாண்டாம்" என்றார் மாமா.

நாலு இருபத்திரண்டுக்குக் கரண்ட் வந்தது. மடிக்கணினி தொடங்கியது. பக்கத்தைத் திறந்தேன், கேட்டதெல்லாம் நிரப்பினேன், கட்டு என்கிற பொத்தான்வரை போனேன். மூன்று நிமிடம் மீதி இருந்தது. மூடிவிட்டு எழுந்துபோய் மோட்டார் போட்டேன். தொட்டியில் தண்ணீர் இல்லை.

மே 30, வெள்ளி

அப்பாவை வேலைக்குப் போக வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். மின்வாரியக் கணக்கில் காய்ச்சல். அம்மா கஞ்சி வைத்தாள். அவள் கடைக்குப் போன நேரத்தில் அப்பா கேட்டார்.

"கட்டிட்டியா?"

"இல்ல."

"கரண்டுதான் வந்துட்டே."

"வந்துது."

"அப்பறம்?"

"கட்டல எப்பா."

கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் கேட்டது இதை? இப்படி ஒரு படிப்பை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு படிப்பேன்?

"அப்பம் நான் இருக்கதுக்கு என்னட்டி பிரயோசனம்?" என்றார்.

"இருங்க. அவ்வளவுதான்" என்றேன். கத்தித்தான் சொன்னேன்.

அவர் அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அம்மா வந்து, "காய்ச்சலுக்கா இந்த அழுகை?" என்றாள்.

மே 31, சனி

பணி நிறைவு விழா. ரோஜா மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். உதவிப் பொறியாளர் பேசும்போது, பெருமாள் அண்ணன் முப்பத்து நாலு வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லாமல் வேலை பார்த்தவர் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மா பட்டுச் சேலை, மஞ்சள் கயிறு. செயின் எங்கே என்று கேட்ட பெண்களிடம், மெருகு போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

பிறகு வழக்கப்படி மாலையோடு வேனில் ஏற்றி, வெடி போட்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். மாடசாமி அண்ணன் வழி முழுக்க அப்பாவின் கையை விடவில்லை. குடித்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். குடிக்கவில்லை.

செல்லையா மாமாவுக்கு நான்தான் பாயசம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவிடம், அம்மாவிடம், மகராஜனிடம் எல்லாம் வழக்கம்போலப் பேசினார். என்னிடம் மட்டும் பேசவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

அப்பா ஆறு மணிக்கே எழுந்து சீருடையை எடுத்து, மறுபடி பீரோவில் வைத்தார். அம்மா தோசைக்குச் சட்னி அரைத்தாள். நாளை நான் பில் போடப் போக வேண்டும். செயினை மீட்க வேண்டும். மனநல மருத்துவரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அப்பாவிடம் தூக்கத்துக்கு மருந்து என்று சொன்னேன். சரி என்றார்.

இருபத்தொன்பதாம் தேதிப் பக்கத்தை இப்போது திருப்பிப் படித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்று தொடங்கியிருக்கிறேன். அது பொய்.

வாசலில் வண்டி இல்லை என்று பார்த்ததும் நான் "வரல மாமா" என்று உடனே சொல்லவில்லை. அப்பா எங்கே இருக்கிறார் என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. பதினைந்தாம் தேதி சாப்பாட்டிலிருந்தே தெரியும். தெரிந்தும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். மணியைப் பார்த்தேன். மகராஜனுக்கு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். நான் ஒன்றும் செய்யவே வேண்டாம், வந்துட்டாவ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன். சொல்லமாட்டேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் நின்றேன்.

"ஏட்டி, கேக்குதா?" என்றார் மாமா.

நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, இன்னொரு தடவை கேட்டார்.

இரண்டு தடவையும் எனக்கு நன்றாகக் கேட்டது.